மீட்புப்புள்ளி ஏன் கைகொடுக்கவில்லை? சிஸ்டம் ரெஸ்டோரின் வழுக்களைக் கண்டறிதல்

மாணவர்களே, பணிசெயல் முறைமை பற்றிய அலகைக் கற்கும்போது சிஸ்டம் ரெஸ்டோர் என்பதைப் பலர் "கணினியை முன்னைய நிலைக்குக் கொண்டுசெல்லும் வசதி" என்று ஒரே வரியில் மனனஞ் செய்துவிடுகின்றனர். அவ்வரி பிழையன்று. ஆனால் "அவ்வசதி தோல்வியுறுவதற்கான காரணங்கள் இரண்டு தருக" என்று வினா சற்றுத் திரும்பினால் அந்த வரி உதவாது. வீட்டுக் கணினி பழுதடைந்து நிற்கும்போதும் உதவாது. எனவே இப்பாடத்தில் அது எவ்வாறு தொழிற்படுகிறது, எங்கே முறிகிறது, முறிந்தால் எந்த ஒழுங்கில் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பவற்றை நோக்குவோம்.

முதலில் ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். உயர்தர மாணவி ஒருத்தியின் வீட்டில் வின்டோஸ் 10 நிறுவப்பட்ட கணினி ஒன்று உள்ளது. சனிக்கிழமை மாலை அவளுடைய அண்ணா விளையாட்டு ஒன்றுக்காகப் புதிய திரைச் செலுத்தி மென்பொருளை நிறுவுகிறார். ஞாயிறு காலை அவள் தன் செயற்றிட்ட அறிக்கையின் கடைசிப் பகுதியைத் தட்டச்சுச் செய்கிறாள். நண்பகலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை நீலமாகிக் கணினி தானாகவே மீளத் தொடங்குகிறது. திங்கட்கிழமை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். சிஸ்டம் ரெஸ்டோரைத் திறக்கிறாள். கடந்த திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களுக்குரிய நான்கு புள்ளிகள் தெரிகின்றன. "பழையது என்றால் பாதுகாப்பானது" என எண்ணித் திங்கட்கிழமைப் புள்ளியைத் தெரிவு செய்கிறாள். நீண்ட நேரத்தின் பின்னர், மீட்டெடுப்பு வெற்றிகரமாக நிறைவேறவில்லை, முறைமைக் கோப்புகளும் அமைப்புகளும் மாற்றப்படவில்லை என்ற செய்தி தோன்றுகிறது. தொலைபேசியில் மாமா சொல்கிறார்: "சிஸ்டம் ரெஸ்டோரை ஒருக்கா ஓஃப் பண்ணிப்போட்டுத் திரும்ப ஓன் பண்ணு பிள்ளை, சரிவரும்."

மாமாவின் ஆலோசனையைப் பின்பற்றலாமா? விடையைப் பாடத்தின் நடுவில் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

மீட்புப்புள்ளி எதனைச் சேமிக்கிறது?

இவ்வசதி 2000 ஆம் ஆண்டு வெளியான வின்டோஸ் மில்லேனியம் பதிப்பில் முதன்முதலாக அறிமுகமாகி, 2001 இல் வெளியான வின்டோஸ் எக்ஸ்பி மூலம் பரவலானது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிவடைந்துவிட்டது. இருப்பினும் அதன் முறை எளிமையானது என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

எக்ஸ்பியில் ஒரு சிறிய காவலாளி பின்னணியில் இருந்துகொண்டே இருக்கிறான். குறித்த சில வகைக் கோப்புகள், அதாவது நிறைவேற்றுக் கோப்புகள், செலுத்திக் கோப்புகள், அமைப்புக் கோப்புகள் போன்றவை மாற்றப்படும்போதோ அழிக்கப்படும்போதோ அவற்றின் பழைய பிரதியைத் தனியான ஒரு கோப்புறையில் அவன் எடுத்து வைக்கிறான். ரெஜிஸ்ட்ரி எனப்படும் அமைப்புத் தரவுத்தளத்தின் பிரதியும் புள்ளி ஒன்று உருவாகும்போது அங்கே வைக்கப்படும். 2007 இல் பொதுப் பாவனைக்கு வந்த வின்டோஸ் விஸ்டாவிலிருந்து முறை மாறியது. வொல்யூம் ஷடோ கொப்பி என்னும் சேவை, கோப்பு வகையைப் பாராது, வட்டின் தொகுதிகளில் ஏற்படும் மாற்றங்களையே பதிவு செய்கிறது. இதற்கு வட்டுப் பிரிவு என்.டி.எஃப்.எஸ் அமைப்பில் இருத்தல் அவசியம். எக்ஸ்பியிலோ ஃபற்32 பிரிவிலும் புள்ளிகளை உருவாக்க முடிந்தது.

இரண்டு முறைகளிலும் சேமிக்கப்படுவது மாற்றங்கள் மாத்திரமே. முழுக் கணினியின் பிரதி அன்று. அத்துடன், மீட்டெடுக்கும்போது உங்கள் கடிதம், ஒளிப்படம், செயற்றிட்ட அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களில் சிஸ்டம் ரெஸ்டோர் கைவைப்பதில்லை. இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. நல்ல பக்கம்: அம்மாணவி சனிக்கிழமைப் புள்ளிக்குத் திரும்பினாலும் ஞாயிறு தட்டச்சுச் செய்த பகுதி அழியாது. மற்றப் பக்கம்: அவள் தவறுதலாக அழித்த ஆவணத்தைச் சிஸ்டம் ரெஸ்டோர் மீட்டுத் தரவும் மாட்டாது. வன்தட்டு பழுதடைந்தால் அதிலேயே இருக்கும் மீட்புப்புள்ளிகளும் சேர்ந்தே போய்விடும். "மீட்புப்புள்ளி உள்ளது, ஆகவே காப்பு நகல் தேவையில்லை" என்ற கூற்று சரியா பிழையா எனக் கேட்கப்பட்டால், தயங்காது பிழை எனக் குறிக்க இவ்விரு காரணங்களும் போதும்.

புள்ளிகள் எப்போது உருவாகின்றன? நாமே உருவாக்கலாம். செலுத்தி மென்பொருள், முறைமை இற்றைப்படுத்தல் போன்றவை நிறுவப்படுவதற்கு முன் பெரும்பாலும் தானாக உருவாகும். அத்துடன் கால ஒழுங்கிலும் உருவாகும்: எக்ஸ்பியில் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வின்டோஸ் 7 இல் ஏழு நாள்களாக வேறு புள்ளி எதுவும் இல்லாதவிடத்து. நமது மாணவியின் கணினியில் சனிக்கிழமைப் புள்ளி செலுத்தி நிறுவப்படுவதற்குச் சற்று முன்னர் தோன்றியது. நேரத்தைக் கவனித்திருந்தால் அவளே அதைக் கண்டிருப்பாள்.

சங்கிலி போன்ற அமைப்பு

பரீட்சையிலும் நடைமுறையிலும் மாணவர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் அப்புள்ளி தொடங்கி அடுத்த புள்ளி வரை நிகழ்ந்த மாற்றங்களையே வைத்திருக்கிறது. எனவே கணினி பழைய நாளொன்றுக்கு நேரே பாய்ந்து செல்ல முடியாது. இன்றிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கி இறங்கவேண்டும். மேற்படி உதாரணத்தில் சனிக்கிழமைக்குத் திரும்புவதற்குச் சனிக்கிழமைப் பதிவு மட்டும் போதும். வெள்ளிக்கிழமைக்குத் திரும்பச் சனி, வெள்ளி ஆகிய இரண்டு பதிவுகளும் தேவை. திங்கட்கிழமைக்கு நான்கும் தேவை. இடையில் புதன்கிழமைப் பதிவு சிதைந்திருந்தால் என்ன நடக்கும்? சனியும் வெள்ளியும் வேலை செய்யும். புதனும் திங்களும் வேலை செய்யா. மாடியிலிருந்து இறங்கும்போது நடுப்படி உடைந்திருந்தால் அதற்கு மேலுள்ள படிகள் வரையே வரலாம், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. பழைய புள்ளி ஒன்று தோல்வியுற்றால் "எல்லாம் போய்விட்டது" எனக் கைவிடாமல், பழுது தோன்றுவதற்குச் சற்று முன்னான, இன்றைக்கு மிகக் கிட்டிய புள்ளியை முயன்று பார்க்க வேண்டும். அதிகம் பின்னால் போவதால் பாதுகாப்புக் கூடுவதில்லை. பாதை நீளுவதால் முறிவு குறுக்கிடும் வாய்ப்பே கூடுகிறது. இடையில் நிறுவிய நல்ல மென்பொருள்களும் வீணாக நீங்கும். வின்டோஸ் 7 முதல், எந்த மென்பொருள்கள் பாதிக்கப்படும் என முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் பொத்தான் ஒன்று மீட்டெடுப்புச் சாளரத்தில் உண்டு. அதைச் சொடுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

புள்ளிகளே காணப்படாவிட்டால்

தோல்வி இருவகைப்படும். ஒன்று, பட்டியலில் புள்ளிகளே இல்லாமை. மற்றையது, புள்ளி இருந்தும் மீட்டெடுப்பு நிறைவேறாமை. விடை எழுதும்போது இவ்விரண்டையும் கலக்க வேண்டாம்; காரணங்கள் வேறு வேறு.

புள்ளிகள் காணாமற் போவதற்கு முதற் காரணம் இடப்பற்றாக்குறை. எக்ஸ்பியில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட வட்டுப் பிரிவில் ஆகக்கூடியது 12 சதவீதம் இதற்கு ஒதுக்கப்படும். ஒதுக்கிய இடம் நிரம்பும்போது மிகப் பழைய புள்ளி முதலில் நீக்கப்படும். "முதலில் வந்தது முதலில் வெளியேறும்" என்ற வரிசை முறையை வேறொரு பாடத்தில் கற்றிருப்பீர்கள், அதே முறைதான் இங்கும். வெற்றிடம் 50 மெகாபைற்றுக்குக் குறைந்தால் அவ்வசதி உறங்குநிலைக்குச் செல்வதுடன் இருந்த புள்ளிகளும் நீக்கப்படும். மீண்டும் விழித்தெழ 200 மெகாபைற்று வெற்றிடம் தேவை. திரைப்படங்களையும் பாடல்களையும் சி பிரிவில் நிரப்பிய கணினிகளில் புள்ளிகள் நிலைக்காமைக்கு இதுவே காரணம். வைரசு காரணமென்று வீணாகப் பழிபோடுகிறோம்.

வயதும் ஒரு காரணம். எக்ஸ்பியில் 90 நாள்களைக் கடந்த புள்ளிகள் நீக்கப்பட்டன. வின்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் 2025 யூன் மாத இற்றைப்படுத்தலின் பின்னர் இக்காலம் 60 நாள்கள் வரை என மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஆகவே மூன்றாந் தவணையில் நின்றுகொண்டு முதலாந் தவணைப் புள்ளியைத் தேடுவதில் பயனில்லை.

வேறு சில காரணங்களையும் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். வின்டோஸ் 10, 11 நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில் இப்பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பாவனையாளரே இயக்கியிருக்க வேண்டும். வின்டோஸ் 10 இல் பதிப்பு மாறும் பெரிய இற்றைப்படுத்தலின் பின் பழைய புள்ளிகள் மிஞ்சுவதில்லை. எக்ஸ்பியையும் விஸ்டாவையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவியிருந்தோர், எக்ஸ்பியைத் தொடக்கும் ஒவ்வொரு தடவையும் விஸ்டாவின் புள்ளிகளை இழந்தனர். ஒன்றின் பதிவு முறையை மற்றது அறியாமையே காரணம். தாய்ப்பலகையிலுள்ள சீமோஸ் மின்கலம் தீர்ந்து திகதி பழைய ஆண்டுக்குச் சென்றுவிட்டால், புள்ளிகளும் பிழையான திகதியின் கீழ் பதிவாகும். நாட்காட்டியில் இம்மாதத்தில் அவற்றைத் தேடினால் காணமாட்டீர்கள். பாடசாலை ஆய்வுகூடமாயின், மீளத் தொடக்கும்போதெல்லாம் வன்தட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் மென்பொருள் நிறுவப்பட்டிருக்கலாம். அங்கே காலையில் உருவாக்கிய புள்ளி கணினியை மீளத் தொடக்கியதும் இருக்காது. உங்கள் கோப்பும் அப்படித்தான். ஆதலால் பென் டிரைவில் சேமிக்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

சேவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வொல்யூம் ஷடோ கொப்பி சேவை நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு, பழுதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் மகிழ்வர். அச்சேவை தேவையேற்படும்போது மட்டும் தொடங்கும் வகையினது. மற்ற நேரத்தில் அது நின்றிருப்பதே இயல்பு. அதன் தொடக்க வகை "முடக்கப்பட்டது" எனக் காணப்பட்டால் மாத்திரமே வழு. கணினியை வேகப்படுத்துவதாகக் கூறும் சில மென்பொருள்கள் இவ்வாறு முடக்கிவிடுவதுண்டு.

புள்ளி இருந்தும் நிறைவேறாவிட்டால்

சங்கிலி முறிவை ஏற்கெனவே பார்த்தோம். மின்வெட்டின்போது கணினி திடீரென அணைவதும், வட்டிற் பழுதான பகுதிகள் தோன்றுவதும் பதிவுகளைச் சிதைக்கும். ஆனால் அடிக்கடி காணப்படும் காரணம் வேறு: வைரசு எதிர்ப்பு மென்பொருள். தன் கோப்புகளை எவரும் மாற்றாதபடி அது காவல் செய்கிறது. சிஸ்டம் ரெஸ்டோரோ அக்கோப்புகளையும் பழைய நிலைக்கு மாற்ற முயல்கிறது. வைரசு எதிர்ப்பு மென்பொருளுக்கு நண்பன் யார், பகைவன் யார் எனத் தெரியாது, தடுத்துவிடுகிறது. மீட்டெடுப்பு அரைகுறையாக நிற்க முடியாதாகையால் முழுவதையும் கைவிட்டு, "மாற்றங்கள் எவையும் செய்யப்படவில்லை" என அறிவிக்கிறது. நமது மாணவிக்குக் கிடைத்த செய்தி இத்தகையதே. அச்செய்தியில் ஒரு நற்செய்தியும் உண்டு: கணினி முன்பிருந்ததைவிட மோசமாகவில்லை, புள்ளிகளும் அப்படியே உள்ளன.

வைரசு தொடர்பான மற்றொரு சிக்கலையும் எக்ஸ்பி காலத்துப் பாவனையாளர் அறிவர். வைரசு தொற்றிய முறைமைக் கோப்பின் பிரதி மீட்புப்புள்ளிக்குள்ளும் சென்று தங்கிவிடும். அக்கோப்புறை பாதுகாக்கப்பட்டதாகையால் எதிர்ப்பு மென்பொருள் அங்கே நுழைந்து சுத்தஞ் செய்ய முடியாமற் போகும். அப்போது சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்தி மீள இயக்கும்படி ஆலோசனை கூறப்பட்டது. ஏனெனில் நிறுத்தியதும் அப்பிரிவிலுள்ள எல்லாப் புள்ளிகளும் அழிந்துவிடும். தொற்றும் சேர்ந்தே அழியும். மாமாவின் ஆலோசனை அங்கிருந்து வந்ததுதான். வைரசைத் துரத்துவதற்கு அது மருந்து. மீட்டெடுக்க வேண்டிய நேரத்தில் அதைச் செய்தால், இருந்த நான்கு புள்ளிகளும் ஒரே சொடுக்கில் மறைந்துவிடும். மாமா நல்லவர், ஆலோசனை வேறொரு நோய்க்குரியது.

இதே இழப்பை வேறு வழிகளிலும் நாமே ஏற்படுத்திக்கொள்ள முடியும். வட்டுச் சுத்திகரிப்பில் கூடுதல் தெரிவுகள் என்ற பகுதி, கடைசிப் புள்ளி தவிர்ந்த ஏனையவற்றை நீக்கும். ஒதுக்கிய இடத்தின் அளவைக் குறைத்தால் பழைய புள்ளிகள் போகும். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் செயல்கூட, தொகுதிகளை இடம்மாற்றுவதால், விஸ்டாவிலும் அதன் பின் வந்தவற்றிலும் பழைய புள்ளிகள் வெளியேறக் காரணமாகலாம். பழுதான கணினியைக் கண்டதும் "ஒருக்காச் சுத்தம் செய்வோம்" என்று இவற்றைச் செய்வது, தீப்பிடித்த வீட்டில் தண்ணீர்த் தாங்கியைக் கழுவி ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

செய்யவேண்டிய ஒழுங்கு

மாணவி முதலில் செய்யவேண்டியது அறிக்கையைப் பென் டிரைவில் பிரதி செய்வது. சிஸ்டம் ரெஸ்டோர் ஆவணங்களைத் தொடாது என்று நாமே படித்தோம், பிறகேன் பிரதி? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோகும் கணினியில் பழுது செலுத்தியிலா வன்தட்டிலா என்பது இன்னும் நிச்சயமில்லை. வன்தட்டாயின் அடுத்த தொடக்கம் கிடைக்காமலும் போகலாம்.

அடுத்து, செய்தியை முழுமையாக வாசித்து எழுதிக்கொள்ள வேண்டும். இடமில்லை என்கிறதா, அணுகல் மறுக்கப்பட்டது என்கிறதா, வட்டில் வழு என்கிறதா? இடமில்லையெனில் சொந்தக் கோப்புகளை வேறு பிரிவுக்கு மாற்றி இடம் உண்டாக்கலாம். வட்டு வழுவெனில் செக்டிஸ்க் என்னும் வட்டுச் சரிபார்ப்பை இயக்கிய பின்னரே மீண்டும் முயல வேண்டும். நிருவாகி உரிமை இல்லாத கணக்கில் நுழைந்திருந்தால் மீட்டெடுப்பை ஆரம்பிக்கவே முடியாது, அதையும் பார்த்துக்கொள்க.

வைரசு எதிர்ப்பு மென்பொருளே தடையென ஐயமிருந்தால் அதன் தற்காப்பைத் தற்காலிகமாக நிறுத்தி முயலலாம். அதைவிடச் சிறந்த வழி, அம்மென்பொருள் விழித்திராத இடத்திலிருந்து மீட்டெடுப்பை இயக்குதல். எக்ஸ்பியில் தொடக்கத்தின்போது எஃப் 8 விசையை அழுத்திச் சேஃப் மோட்டுக்குச் சென்றனர். வின்டோஸ் 10, 11 இல் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு மீளத் தொடக்கும் கட்டளையைச் சொடுக்கினால் மீட்புச் சூழல் தோன்றும். அங்கே பழுது நீக்கல், மேலதிகத் தெரிவுகள் என்பவற்றின் ஊடாகச் சிஸ்டம் ரெஸ்டோரை அடையலாம். வட்டு மறைகுறியாக்கப்பட்ட மடிக்கணினியாயின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம், அதனைக் கையில் வைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. சாதாரணமாக மீட்டெடுக்கும்போது, அதனை மீளப்பெறுவதற்கென ஒரு புள்ளி முதலில் உருவாக்கப்படும். சேஃப் மோட்டிலிருந்தோ மீட்புச் சூழலிலிருந்தோ செய்தால் அவ்வசதி கிடையாது. வேறொரு புள்ளியைத் தெரிவு செய்து மீண்டும் இயக்க மட்டுமே முடியும். ஆகவே முதலில் சாதாரண வழி, பின்னரே இவ்வழி.

நமது மாணவி மீட்புச் சூழலுக்குச் சென்று சனிக்கிழமைப் புள்ளியைத் தெரிவு செய்தாள். கணினி மீளத் தொடங்கியபோது புதிய செலுத்தி நீங்கியிருந்தது, நீலத்திரை வரவில்லை. அறிக்கையின் கடைசிப் பகுதி அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. அண்ணாவின் விளையாட்டுத்தான் இயங்கவில்லை.

மாதிரி வினாக்களும் விடைக் குறிப்பும்

1. வின்டோஸ் எக்ஸ்பி நிறுவப்பட்ட கணினியொன்றில் சி பிரிவின் கொள்ளளவு 40 கிகாபைற்று. தற்போது அதில் 45 மெகாபைற்று வெற்றிடமே உள்ளது. மீட்புப்புள்ளிகளுக்கு ஒதுக்கக்கூடிய ஆகக்கூடிய இடத்தைக் கணிக்க. இப்போது புதிய புள்ளி உருவாக்க முடியுமா?

விடை: 40 இன் 12 சதவீதம் 4.8 கிகாபைற்று. உருவாக்க முடியாது. வெற்றிடம் 50 மெகாபைற்றுக்குக் குறைந்தமையால் வசதி உறங்குநிலையில் உள்ளது. 200 மெகாபைற்று வெற்றிடம் கிடைக்க வேண்டும். "முடியாது" என்று மட்டும் எழுதி நிறுத்துவோர் காரணத்துக்குரிய புள்ளியை இழப்பர்.

2. ஒரு கணினியில் 3, 8, 12, 17 ஆம் திகதிகளுக்குரிய நான்கு மீட்புப்புள்ளிகள் உள்ளன. 12 ஆந் திகதிக்குரிய பதிவு சிதைந்துள்ளது. எத்திகதிக்கு மீட்டெடுக்கலாம்?

விடை: 17 ஆந் திகதிக்கு மட்டும். 12 உம் அதற்கு முந்திய 8, 3 ஆகியனவும் சிதைந்த பதிவைக் கடந்தே அடையப்பட வேண்டியவை. "12 தவிர்ந்த ஏனைய மூன்றும்" என்பது மாணவர் வழமையாக எழுதும் பிழையான விடை. ஒவ்வொரு புள்ளியும் தனித்து நிற்கும் முழுப் பிரதி என்ற எண்ணத்தால் வருவது.

3. நண்பர் ஒருவர் தவறுதலாக அழித்த ஒளிப்படங்களை மீளப் பெறுவதற்காகச் சிஸ்டம் ரெஸ்டோரை இயக்கினார். படங்கள் கிடைக்கவில்லை. சென்ற வாரம் நிறுவிய அச்சுப்பொறியும் வேலை செய்யவில்லை. இரண்டையும் விளக்குக.

விடை: ஒளிப்படங்கள் சொந்த ஆவணங்கள், மீட்டெடுப்பு அவற்றைத் தொடுவதில்லை. அச்சுப்பொறியின் செலுத்தி, தெரிவு செய்த புள்ளிக்குப் பின்னர் நிறுவப்பட்டதாகையால் நீங்கிவிட்டது. சாதாரண முறையில் இயக்கியிருந்தால் மீட்டெடுப்பை மீளப்பெற்று அச்சுப்பொறியைப் பழையபடி இயங்கச் செய்யலாம். அல்லது செலுத்தியை மறுபடி நிறுவலாம். படங்களுக்கு முதலில் மீள்சுழற்சித் தொட்டியையும், அங்கே இல்லாவிடில் காப்பு நகலையும் பார்க்க வேண்டும்.